நாலு விரக்கடை ஆட்டம்

என் கை ஆடுதுன்னு அந்தக் கோடையில எங்க ப்ளாக்குல தெரியாத ஆளே கிடையாது. பால் பூத் வரிசை வரைக்கும் சேதி போயிருந்துச்சு. எனக்கு ஒரு நோயும் இல்லை, நொடியும் இல்லை. ஊசியில நூல் கோக்கணும்னா அக்கம்பக்கத்துல மூணு வீட்டுல இருந்து என்னைத்தான் கூப்பிடுவாங்க. அப்பேர்ப்பட்ட கை, கார் ஸ்டியரிங்கைப் பிடிச்சா மட்டும் ஆடுதாம். இந்தக் கண்டுபிடிப்பைச் செஞ்சவர் வேற யாருமில்லை, எங்க வீட்டுக்காரர்.

அவருக்கு மைன்ஸ்ல கன்வேயர் மெயின்டனன்ஸ் வேலை. சுரங்கத்துக்குள்ள இருந்து மண்ணையும் பழுப்பு நிலக்கரியையும் வெளியே கொண்டு வர்ற ரப்பர் பெல்ட்டு, கண்ணுக்கு எட்டின தூரம் ஓடிக்கிட்டே இருக்கும். அது எங்கயாவது நின்னுதுன்னா இவரைத்தான் தேடுவாங்க. அதனால மெஷின்னு ஒண்ணு உலகத்துல இருந்தா அதைப் பத்திப் பேசுற பாத்தியதை தனக்குத்தான்னு ஒரு நினைப்பு. நல்ல மனுஷன், பொய் சொல்ல மாட்டார், யாரையும் ஏமாத்த மாட்டார். ஆனா தனக்குத் தெரிஞ்ச விஷயத்துல அவருக்குச் சந்தேகமே வராது. எனக்கும் வராது. எங்க வீட்டுல சண்டைன்னு வந்தா அதுக்கு இது ஒண்ணுதான் காரணம்.

எண்பதுகளோட ஆரம்பம் அது. எங்ககிட்ட ஒரு கார் இருந்துச்சு. ரிட்டயர் ஆகிச் சொந்த ஊருக்குப் போன ஒரு ஆபீசர்கிட்ட இருந்து வாங்கினது. எங்ககிட்ட வரும்போதே அதுக்கு வயசு பதினஞ்சுக்கு மேல. சாம்பல் கலர், பின்சீட்டுல ஸ்ப்ரிங் குத்தும், மழை பெஞ்சா இடது பக்கம் கால் நனையும். நாலு வருஷமா இவர்தான் ஓட்டினார். வேலைக்குக் கம்பெனி பஸ் வந்து ஏத்திக்கிட்டுப் போயிரும்கறதால, வாரம் பூரா அந்தக் கார் குவார்ட்டர்ஸ் வாசல்ல வேப்பமரத்தடியில தூங்கிக்கிட்டு இருக்கும். ஞாயித்துக்கிழமை மட்டும் எழுந்திரிக்கும்.

இந்த நேரத்துலதான் எனக்குக் குறிஞ்சிப்பாடியில ஒரு பள்ளிக்கூடத்துல டீச்சர் வேலை கிடைச்சுது. படிச்சு முடிச்சு ஏழு வருஷம் வீட்டுல உக்காந்திருந்து கிடைச்ச வேலை. ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறக்கிற அன்னிக்கு வந்து சேரணும், இல்லேன்னா லிஸ்ட்ல அடுத்து இருக்கிறவங்களுக்குப் போயிரும்னு தலைமையாசிரியை அம்மா தெளிவாச் சொல்லிட்டாங்க. குறிஞ்சிப்பாடிக்குப் பஸ் இல்லாம இல்லை, மணிதான் ஒத்துவரலை. மகளுக்கு அப்ப அஞ்சு வயசு. டவுன்ஷிப்ல அவ பள்ளிக்கூடத்துல எட்டரைக்கு முன்னால கேட்டைத் திறக்க மாட்டாங்க. இவர் மொத ஷிப்டுன்னா விடியறதுக்கு முன்னாலயே கிளம்பிருவார். நான் அவளை எட்டரைக்கு விட்டுட்டு, பஸ்ஸைப் பிடிச்சு, வடலூர்ல இறங்கி மாறிப் போய்ச் சேர்றதுக்குள்ள அங்க மொத பீரியடு முடிஞ்சு ரெண்டாவது ஓடிக்கிட்டு இருக்கும். கார்ன்னா முக்கால் மணி நேரத்துல போயிரலாம். ஆக, லைசென்ஸ் வாங்கினா வேலை, வாங்கலேன்னா வீடு. நடுவுல வேற வழி கிடையாது.

ஓட்டக் கத்துக்கறதுக்கு நெய்வேலி மாதிரி ஊர் அமையாது. ரோடெல்லாம் அகலம், ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி நேரா இருக்கும், ரெண்டு பக்கமும் மரம். ஷிப்டு பஸ் போற நேரத்தைத் தவிர்த்துட்டா ரோடு நமக்குத்தான். கிளட்ச்சும் கியரும் எனக்கு ஒரு வாரத்துல வந்துருச்சு. ரிவர்ஸ்கூட எடுத்தேன். வராத ஒண்ணு எது தெரியுமா, நேரா போறது. உலகத்துலயே சுலபமான விஷயம், அது எனக்கு வரலை. வண்டி இடது பக்கமா நகரும். நான் வலது பக்கம் திருப்புவேன், ஒண்ணும் நடக்காது. இன்னும் கொஞ்சம் திருப்புவேன், அப்பவும் நடக்காது. சரின்னு இன்னும் கொஞ்சம் திருப்பினா, திடீர்னு முழிச்சுக்கிட்டு வலது பக்கம் பாயும். பக்கத்து சீட்டுல இவர் உக்காந்துக்கிட்டு, "கையை ஆட்டாதே, கையை ஆட்டாதே"ன்னு ஜபம் பண்ணுவார்.

ஏப்ரல் கடைசியில ஒரு நாள் சாயங்காலம், ஷிப்டு முடிஞ்சு சைக்கிள்ல வீட்டுக்குப் போயிக்கிட்டு இருந்த ஒரு பெரியவரை ஓரத்துப் பள்ளத்துல இறக்கிட்டேன். மோதலை. வண்டி அவர் பக்கமா போச்சு, நான் இழுத்தேன், வரலை, அவரே பயந்து சைக்கிளோட பள்ளத்துக்குள்ள இறங்கிட்டார். டிபன் கேரியர் உருண்டு போச்சு. நான் ஓடிப் போய் எடுத்துக் கொடுத்தேன். அந்த மனுஷன் மண்ணைத் தட்டிவிட்டுக்கிட்டு, கோபமே படாம கேட்டார்: "ஏம்மா, நான் ஓரமாத்தானே போயிக்கினு இருந்தேன். நீங்க எதுக்கு என்னைத் தேடிக்கினு வர்றீங்க?"

திட்டியிருந்தாக்கூடத் தேவலை. வீட்டுக்கு வந்து நான் அழுதேன். இவர் சாவியை எடுத்துச் சட்டைப்பையில போட்டுக்கிட்டார். இன்னும் ஆறு மாசம் போகட்டும்னார், உனக்குக் கை நிலையில்லைன்னார், அடுத்த வருஷம் வேற பள்ளிக்கூடத்துல வேலை வராமலா போயிரும்னார். மைன்ஸ்ல ஏதாவது மெஷின் நின்னா அவர் கேக்கிற மொதக் கேள்வியே ஆப்பரேட்டர் யாருங்கறதுதான். அந்தப் பழக்கத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டு வந்துட்டார். வண்டிக்கு ஒண்ணும் இல்லை, ஆப்பரேட்டர்தான் சரியில்லை. தீர்ப்பு முடிஞ்சுது.

ரெண்டு நாள் நானும் அதை நம்பினேன். உண்மையைச் சொல்லணும்ல. ரெண்டு கையையும் நீட்டி விரலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். மூணாம் நாள் காலையில மாவு அரைக்கும்போது எனக்கு வந்ததே ஒரு கோபம். இந்தக் கைதானே ஒரு பொட்டு சிந்தாம எண்ணெயைப் பாட்டிலுக்கு மாத்துது, இந்தக் கைதானே கோணாம கோலம் போடுது, அதெல்லாம் ஆடாத கை இங்க மட்டும் எப்படி ஆடும்? கேக்கிறவன் கேனையனா? கையைக் கழுவிட்டு நேரா வேப்பமரத்தடிக்குப் போனேன்.

அன்னிக்கு இவருக்கு ரெண்டாவது ஷிப்டு, காலைத் தூக்கம் தூங்கிக்கிட்டு இருந்தார். கார் கதவைப் பூட்டுற பழக்கம் எங்களுக்குக் கிடையாது, பூட்டும் வேலை செய்யாது. உள்ளே உக்காந்து, நெத்தியில இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஸ்டியரிங் வளையத்தோட உச்சியில ஒட்டினேன். இடது சீட்டுக்கு நகர்ந்து, அந்தப் பக்க ஜன்னல் வழியாத் தலையை வெளியே நீட்டி இடது முன் டயரைப் பார்த்துக்கிட்டே, ஒரு கையால ஸ்டியரிங்கை மெல்ல வலது பக்கம் திருப்பினேன். டயர் அசையலை. இன்னும் திருப்பினேன். அசையலை. டயர் லேசா முகம் திருப்பின நிமிஷம் நிறுத்தி, பொட்டு எவ்வளவு நகர்ந்திருக்குன்னு பார்த்தேன். நாலு விரக்கடை. இடது பக்கம் திருப்பினாலும் அதே கணக்கு. அந்த நாலு விரக்கடைக்கு நான் என்ன திருப்பினாலும் அது டயருக்குப் போகவே இல்லை. நடுவுல யாரோ வாங்கி முழுங்கிடறாங்க.

இவர் எழுந்து காப்பி குடிக்கும்போது சொன்னேன். சிரிச்சார். பழைய வண்டின்னா ஸ்டியரிங்ல கொஞ்சம் ப்ளே, கொஞ்சம் தளர்ச்சி இருக்கத்தான் செய்யும்னார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். இதே வண்டியைத்தானே நான் நாலு வருஷமா ஓட்டுறேன், எனக்கு மட்டும் எப்படி நேரா போகுதுன்னார். அதுவும் வாஸ்தவம்தான். அவர் ஓட்டினா வண்டி நூல் பிடிச்ச மாதிரிப் போகும். நான் வாயை மூடிக்கிட்டேன், ஆனா மனசு மூடலை.

மொதல்ல டயர்ல காத்து கம்மியா இருக்குமோன்னு, ஞாயித்துக்கிழமை பெட்ரோல் போடும்போது நாலுக்கும் காத்துப் பிடிக்க வச்சேன். ஆட்டம் குறையலை. அடுத்த வாரம் வடலூருக்குச் சாமான் வாங்கப் போனப்ப பஞ்சர் ஆச்சு. ஒட்டுறதுக்காக ஒரு மெக்கானிக் ஷெட்டுல நிறுத்தினோம். இவர் வெத்தலைக்கடைப் பக்கம் ஒதுங்கின நேரம் பார்த்து நான் அந்த மெக்கானிக்கிட்ட விஷயத்தைச் சொன்னேன். அவர் ஸ்டியரிங்கை ஜன்னல் வழியாப் பிடிச்சு ரெண்டு ஆட்டு ஆட்டினார், குனிஞ்சு அடியில ஒரு பார்வை பார்த்தார். ஐட்லர் போயிருக்கும்மா, கொண்டாந்து விடுங்க, மாத்திரலாம்னார்.

அதைப் போய் இவர்கிட்ட சொன்னேன் பாருங்க. அவர் சிரிச்ச சிரிப்புல மெக்கானிக் ஷெட்டே திரும்பிப் பார்த்துச்சு. காரணம் இருக்கு. மைன்ஸ்ல கன்வேயர் பெல்ட்டு ஓடறதே வரிசையா வச்ச உருளைங்க மேலதான். அந்த உருளைக்குப் பேரு ஐட்லர். இவருக்கு அந்த வார்த்தை அன்னாடம் சோறு மாதிரி. ஐட்லர் ஜாம் ஆயிருச்சு, ஐட்லர் வந்து சேரலை, இத்தனை ஐட்லர் மாத்தினோம்னு தூக்கத்துலகூடப் பேசுவார். அதை வடலூர் ஷெட்டுல ஒருத்தர் கார்ல இருக்குன்னு சொன்னா?

"ஐட்லரா? கார்ல ஏது பெல்ட்டு? நாம மைன்ஸ்காரங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு, நமக்குத் தெரிஞ்ச வார்த்தையை எடுத்து நம்ம காதுலயே பூ சுத்துறான்."

அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நானும் நினைச்சுட்டேன். ஐட்லர் விஷயத்துல அவரைவிட யாருக்குத் தெரியும்? எனக்கே அந்த மெக்கானிக் மேல கோபம். பொம்பளை கேட்டான்னு என்னத்தையோ உளறிட்டான்னு வழி பூராத் திட்டிக்கிட்டே வந்தேன். அந்த மனுஷன் கேட்டிருந்தா நொந்து போயிருப்பார். இந்த முட்டாள்தனத்துல முழுசா ரெண்டு வாரம் போச்சு. மே மாசம் பாதி முடிஞ்சுது.

ஆனா ஒரு நல்லது நடந்துச்சு, இவருக்கும் லேசா உறுத்திடுச்சு. ஒரு நாள் ஸ்பேனரை எடுத்துக்கிட்டு பானட்டைத் திறந்தார். ஸ்டியரிங் தண்டு கீழ போய்ச் சேர்ற இடத்துல ஒரு இரும்புப் பெட்டி இருக்கும், அது தலையில ஒரு திருகு. அதை இறுக்கினார். மைன்ஸ்காரங்களுக்கு எது ஆடினாலும் இறுக்கணும். இறுக்கினது ஆடலேன்னாலும் இன்னும் ஒரு சுத்து இறுக்கணும். முடிச்சுட்டுக் கையைத் துடைச்சுக்கிட்டு, போதுமா, உன் நாலு விரக்கடைக்கு வைத்தியம் ஆச்சுன்னார். ஒரு ரவுண்டு ஓட்டியும் காமிச்சார். நேரா போச்சு.

நான் உக்காந்தேன். முன்னாடியாவது ஆட்டம் மட்டும்தான் இருந்துச்சு, இப்ப ஆட்டமும் இருக்கு, ஸ்டியரிங் கல்லு மாதிரியும் இருக்கு. ரவுண்டானாவுல திருப்பினா, திருப்பினது திருப்பினபடியே நிக்குது, தானாத் திரும்பி வரவே மாட்டேங்குது. கிட்டத்தட்ட ரவுண்டானாவையே ரெண்டு தடவை சுத்தி வந்தேன். இவர் என் கையைப் பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். கடலூர்ல டெஸ்ட்டுக்கு ஏப்ரல்லயே நாள் குறிச்சாச்சு. இன்னும் எட்டு நாள்தான் இருக்கு.

எதிர்வீட்டு அம்மா கோயமுத்தூர்ப் பக்கம். தோட்டம், கிணறு, பம்ப்செட்டுன்னு வளர்ந்தவங்க. அவங்க வீட்டுக்காரர் பவர் ஹவுஸ்ல வேலை. இவங்களுக்குக் கார் ஓட்டத் தெரியாது, ஆனா இரும்பைக் கண்டு பயமும் கிடையாது. அவங்ககிட்ட போய்ப் புலம்பினேன். பொறுமையாக் கேட்டுட்டு ஒரே ஒரு விஷயம் சொன்னாங்க. அவங்க தோட்டத்துல பம்ப்செட்டு சத்தம் போட்டா, எல்லாத்தையும் இறுக்கிக்கிட்டு இருக்க மாட்டாங்களாம், ஒவ்வொரு இடமாக் கையை வச்சுப் பார்ப்பாங்களாம், எங்க அதிருதோ அங்கதான் கோளாறாம். எனக்குப் பளிச்னு ஆச்சு. நாலு விரக்கடையை எவனோ நடுவுல முழுங்குறான்னா, வரிசையாக் கையை வச்சுக்கிட்டே போனா எந்த இடத்துல முழுங்குறான்னு தெரிஞ்சுரும்ல?

மறுநாள் இவருக்கு மொத ஷிப்டு. மகள் பள்ளிக்கூட லீவுக்கு என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தா. காலையில வேலையெல்லாம் முடிச்சுட்டு, நானும் எதிர்வீட்டு அம்மாவும் காரைத் தள்ளி, வாசலை ஒட்டி மழைத்தண்ணி போற பள்ளத்துக்கு மேல கொண்டு போய் நிறுத்தினோம். ரெண்டு பக்க டயரும் ரெண்டு கரையில, நடுவுல பள்ளம். ஆள் படுக்கலாம். ஹேண்ட்பிரேக்கை இழுத்து, நாலு டயருக்கும் முன்னும் பின்னும் செங்கல் வச்சோம். நான் ஒரு பழைய புடவையைச் சுத்திக்கிட்டு, கோணியை விரிச்சு அடியில புகுந்தேன். அந்த அம்மா கூச்சப்படாம டிரைவர் சீட்டுல ஏறி உக்காந்துட்டாங்க. நான் சொல்லும்போது ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் கொஞ்சூண்டு ஆட்டணும், டயர் திரும்புற அளவுக்கு வேண்டாம், அதுதான் அவங்க வேலை.

அடியில எண்ணெய் வாடை, மண்ணு, சிலந்திக்கூடு. எனக்கு எந்தப் பாகத்துக்கும் பேரு தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஆட்டுங்கன்னேன். வலது பக்கம் அந்த இரும்புப் பெட்டியில இருந்து கீழ தொங்குற கையில விரலை வச்சேன். மேல அவங்க ஆட்டின அதே நொடியில இது அசைஞ்சுது. பெட்டி நல்லாயிருக்கு. இவர் எதை இறுக்கு இறுக்குன்னு இறுக்கினாரோ, அதுல கோளாறே இல்லை. அந்தக் கையில இருந்து ஒரு கம்பி வலது டயருக்குப் போகுது. அது மூட்டுல கை வச்சேன், கிண்ணுன்னு இருக்கு. இன்னொரு நீளக் கம்பி குறுக்கே இடது பக்கம் போகுது. அதையும் தடவிக்கிட்டே போனேன். அதுவும் நல்லாத்தான் போய் வந்துக்கிட்டு இருக்கு.

அந்த நீளக் கம்பி இடது பக்கம் போய்ச் சேர்ற இடத்துல, வலது பக்கம் இருக்கிற மாதிரியே இன்னொரு கை தொங்குச்சு. அதுக்கு மேல பெட்டி கிடையாது, சேசிஸ்ல சும்மா ஒரு ஆணியில மாட்டியிருக்கு. அதைப் பிடிச்சேன். ஐயோ, அது பக்கவாட்டுல போகவேண்டியது, மேலும் கீழும் எகிறுது! பல்லு விழப்போற நேரத்துல நாக்கால தள்ளினா ஆடுமே, அப்படி ஆடுது. கம்பி தள்ளுறதையெல்லாம் அந்த ஆணி ஓட்டையே வாங்கிக்குது. அதுக்கப்புறம் மிச்சம் ஏதாவது இருந்தாத்தான் இடது டயருக்கு.

"ஏனுங், இன்னும் ஆட்டோணுங்களா?"ன்னு மேல இருந்து குரல்.

நான் மல்லாக்கப் படுத்தபடியே அழுதுக்கிட்டு இருந்தேன். அவ்வளவு சந்தோஷம். என் கை ஆடலை. ரெண்டு மாசமா ஒரு ஊரே சொன்ன விஷயம், நானே பாதி நம்பின விஷயம், அது பொய். இதோ ஆடுற இரும்பு என் கையிலயே இருக்கு. அந்த அம்மா பயந்துபோய் இறங்கி வந்து, காலைப் பிடிச்சு வெளியே இழுத்துட்டாங்க. மூஞ்சியெல்லாம் கிரீஸ். அவங்களும் ஒரு தடவை உள்ளே போய்த் தொட்டுப் பார்த்துட்டு வந்து, இத்தனை நாளா இதை வச்சுக்கிட்டா ஓட்டுனீங்கன்னு நெஞ்சுல கை வச்சாங்க.

மதியம் ஷிப்டு பஸ்ஸை விட்டு இறங்கி இவர் வந்தார். பள்ளத்து மேல கார், பக்கத்துல நான் அந்தக் கோலத்துல. என்னடி இதுங்கற மாதிரி நின்னார். நான் வாதம் பண்ணலை. வாதத்துல அவரை ஜெயிக்க முடியாது, அது எனக்குத் தெரியும். சாப்பாடு அப்புறம், மொதல்ல அடியில போங்கன்னேன். யூனிபார்மோடயே போனார். நான் மேல உக்காந்து ஆட்டினேன். இடது பக்கக் கையைப் பிடிங்கன்னு சொன்னேன். சத்தமே இல்லை. இன்னும் ஆட்டினேன். மனுஷன் மூச்சுவிடுறாரான்னுகூடச் சந்தேகம் வந்துருச்சு. நான் இறங்கிக் குனிஞ்சு பார்த்தா, அவர் அந்த ஆணியையே பார்த்துக்கிட்டுப் படுத்திருக்கார்.

அப்புறம் எனக்குச் சொல்றாரா, தனக்கே சொல்லிக்கிறாரான்னு தெரியாத குரல்ல மெதுவாச் சொன்னார். "இது தானா எதையும் திருப்பலை. கம்பியோட அந்த முனையைத் தாங்கிக்கிட்டு, அது போற பக்கம் சும்மா கூடப் போகுது, அவ்வளவுதான். பெல்ட்டு அடியில உருளை செய்யற வேலை." அந்தக் கையை இன்னொரு தடவை ஆட்டிப் பார்த்தார். "இது ஐட்லர்தான்."

ஆயிரம் ஐட்லர் மாத்தின மனுஷனுக்குத் தன் கார்ல ஒண்ணு இருக்குன்னு நாலு வருஷமாத் தெரியலை. வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லணும்னு எத்தனை நாளா சேத்து வச்சிருந்தேன் தெரியுமா? அந்த முகத்தைப் பார்த்ததும் சாப்பிட வாங்கன்னேன்.

சாயங்காலமே வடலூர் போனோம், அவர்தான் ஓட்டினார், மெதுவா. அந்த மெக்கானிக் எங்களைப் பார்த்ததும் அடையாளம் கண்டுக்கிட்டார், ஆனா குத்திக் காட்டலை. ஆணியையும் அதைச் சுத்தியிருக்கிற புஷ்ஷையும் புதுசா மாத்தினார். அப்புறம் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்துட்டு, இந்தப் பெட்டித் திருகை யாருங்க இப்படி முறுக்கி வச்சது, உள்ளே பல்லு தேஞ்சுருமேன்னு கேட்டார். எங்க வீட்டுக்காரர் ரோட்டுல போற பஸ்ஸையெல்லாம் ரொம்ப அக்கறையாப் பார்த்தார். நானும் யாருன்னு தெரியலைங்கன்னுட்டேன். திருகை அளவாத் தளர்த்திக் கொடுத்தார்.

திரும்பும்போது நான் உக்காந்தேன். ஸ்டியரிங்கை ஒரு விரக்கடை நகர்த்தினா வண்டி ஒரு விரக்கடைக்குத் திரும்புது. சும்மா பிடிச்சுக்கிட்டு இருந்தா நேரா போகுது. இவ்வளவு சுலபமா இதுன்னு எனக்கு நம்பவே முடியலை. டவுன்ஷிப் ஆர்ச்சைத் தாண்டி உள்ளே வந்ததும், கொடு, நானும் பார்க்கறேன்னார். நேரான ரோடு, வெளிச்சமும் இருக்கு. இடம் மாறினோம்.

நான் சொன்னா நம்ப மாட்டீங்க. எங்க வீட்டுக்காரர் ஓட்டின வண்டி பாம்பு மாதிரி நெளிஞ்சுது. இடது பக்கம், வலது பக்கம், மறுபடி இடது பக்கம். சுதாரிச்சுக்கிட்டு மெதுவா ஓட்டினார், அப்பவும் அதே கதை. எதிர்ல சைக்கிள்ல வந்த ரெண்டு பேர் இறங்கி ஓரமா நின்னு, நாங்க போற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தாங்க. எனக்குச் சிரிப்பு வரலை, முதல்ல பயந்துட்டேன், மெக்கானிக் ஏதோ தப்பா மாட்டிட்டார்னு. அப்புறம் அவர் கையைப் பார்த்தேன். அது ஒரு நிமிஷம் சும்மா இல்லை. இங்க ஒரு இழுப்பு, அங்க ஒரு இழுப்பு, விடாம திருத்திக்கிட்டே இருந்துச்சு. நாலு வருஷமா அந்த ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமா வளர வளர, அவருக்கே தெரியாம அவர் கை அதுக்கு ஏத்த மாதிரி ஆடப் பழகியிருக்கு. அதனாலதான் அவருக்கு மட்டும் நேரா போச்சு. இப்ப வண்டி சரியாயிருச்சு, கைக்கு அது தெரியலை.

அவருக்கும் புரிஞ்சுது. வண்டியை ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்தினார். ரெண்டு கையையும் மடியில வச்சுக்கிட்டார். பிறகு, உன்னை ரொம்பப் பேசிட்டேன்னார், கண்ணாடியைப் பார்த்துக்கிட்டே. இறங்கிச் சுத்தி வந்து என் பக்கக் கதவைத் திறந்தார். நான் நகர்ந்து உக்காந்து, வீடு வரைக்கும் ஓட்டிக்கிட்டுப் போனேன். டெஸ்ட் வரைக்கும் மிச்ச நாளெல்லாம் சாயங்காலம் நான்தான் ஓட்டினேன். பக்கத்து சீட்டுல அந்த ஜபம் நின்னு போச்சு.

கடலூர்ல டெஸ்ட் எடுத்த இன்ஸ்பெக்டர் என்னை ரெண்டு தெரு சுத்த வச்சார், ஒரு சந்துல ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார். திரும்பி வந்து இறங்கும்போது காகிதத்துல எழுதிக்கிட்டே, நல்லா நேரா ஓட்டறீங்களே, யாரும்மா கத்துக் கொடுத்ததுன்னு கேட்டார். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள மரத்தடியில நின்னுக்கிட்டு இருந்த எங்க வீட்டுக்காரர் முந்திக்கிட்டார்.

"நான் இல்லீங்க சார்."

இன்ஸ்பெக்டருக்கு ஒண்ணும் புரியலை. பாஸ் போட்டுட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஊருக்குத் திரும்பும்போதும் நான்தான் ஓட்டினேன். குள்ளஞ்சாவடி சந்தைக் கூட்டத்துல மாடும் வண்டியுமா நெருக்கித் தள்ளுச்சு, ஒருத்தர் மேலயும் உரசாம வெளியே வந்தேன். குறிஞ்சிப்பாடியில நிறுத்தி, தலைமையாசிரியை அம்மா வீட்டுக்குப் போய், ஜூன் மாசம் திறக்கிற அன்னிக்கு வந்துடுவேன்னு சொல்லிட்டு வந்தேன். எதுல வருவீங்கன்னு கேட்டாங்க. வாசல்ல நிக்கிற காரைக் காமிச்சேன்.

மறுபடி ஏறி உக்காந்து கிளம்பினோம். ஊரைத் தாண்டி ரெண்டு பக்கமும் வயல் வந்ததும் இவர் லேசாத் தொண்டையைச் செருமினார். கொஞ்ச தூரம் நான் ஓட்டட்டுமான்னு கேட்டார். அந்தக் காரை வாங்கின நாள்ல இருந்து அவர் என்கிட்ட அப்படிக் கேட்டது அதுதான் மொதத் தடவை. வடலூர் தாண்டட்டும், பார்க்கலாம்னேன்.